டேப்: குழாயில் ஒன்று, எம்ஆர்டியில் ஒன்று

3 மார்ச், மாலை (இந்த இணைய இழையைத் தொடங்கியவர் கேட்டது, மற்றதெல்லாம் என் பதில்)

வீட்டுச் சமையலறையில் இருப்பது டேப். பேருந்தில் ஏறினால் கார்டை டேப் பண்ணு என்கிறோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, கார்டை வைத்தால் நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையக் கதவு திறக்கிறது. இரண்டுமே திறந்துவிடும் வேலைதான், ஆகவே இரண்டும் ஒரே சொல் என்று பேரனிடம் சொல்லிவிட்டேன். சரிதானே?

3 மார்ச், இரவு

விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியில்லை. அவை இரண்டு தனித்தனிச் சொற்கள், எழுத்து மட்டும் ஒன்று.

குழாய் டேப் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். அன்றைக்கு அது வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கான சொல் அல்ல, மதுப் பீப்பாய்க்குத்தான். பீப்பாயின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு அதில் அடித்து வைக்கும் மர ஆப்புக்குப் பெயர் டேப். ஆப்பைத் தளர்த்தினால் சரக்கு வரும், இறுக்கினால் நிற்கும். கார்டு டேப் பிரெஞ்சுப் பக்கமிருந்து வந்தது, லேசாகத் தட்டுவது என்று பொருள். தோளில் தட்டிக் கூப்பிடுவதும், மேசையில் விரலால் தாளம் போடுவதும், டேப் டான்ஸும் இந்தக் குடும்பம்.

பேரனிடம் மாற்றிச் சொல்ல வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு உங்கள் கதை போதும்.

4 மார்ச், காலை

ரயிலில் நின்றுகொண்டே ஒரு சேர்க்கை. ஆணிவேருக்கு ஆங்கிலத்தில் டேப் ரூட். குழாய்க்கும் வேருக்கும் என்ன உறவு என்று பள்ளிக்கூடத்தில் நான் குழம்பியதுண்டு. அந்தப் பீப்பாய் ஆப்புதான் உறவு. மேலே தடித்து, கீழே கூம்பி, நேராக இறங்கும் உருவம். அவர்கள் கண்ணுக்கு ஆப்பாகத் தெரிந்தது நம்மவர் கண்ணுக்கு ஆணியாகத் தெரிந்திருக்கிறது.

4 மார்ச், இரவு

'அப்படியானால் ஒட்டும் டேப்?' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அது மூன்றாவது சொல். ஆங்கிலத்தில் எழுத்தும் உச்சரிப்பும் வேறு. தமிழில் எழுதும்போதுதான் எல்லாம் 'டேப்' என்று வந்து நிற்கிறது, வேலையிடத்தில் அதனால் வரும் கூத்து கொஞ்சநஞ்சமல்ல.

நான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். அங்கே டேப் என்றால் குறைந்தது மூன்று பொருள். அளவு எடுக்கும் டேப், குழாய் இணைப்பில் சுற்றும் வெள்ளை டேப், அப்புறம் எங்கள் டேப். இரும்பில் ஓட்டை போட்டு, அதன் உட்சுவரில் மரை வெட்டும் கருவி அது. வெளிப்பக்கம் மரை வெட்டுவது டை. ஊரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம், 'டேப் எடுத்துட்டு வா' என்றேன். அளவு டேப்பைக் கொண்டுவந்தான். 'அது இல்லப்பா' என்றதும் வெள்ளை டேப்பைக் கொண்டுவந்தான். மூன்றாவது தடவை நானே போய் எடுத்துக்கொண்டேன். அவன்மேல் என்ன தப்பு? 'மரை வெட்டுற டேப்' என்று முழுசாகச் சொன்னால் தீர்ந்தது.

பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை வெட்ட வேண்டுமென்றால் முதலில் எட்டரை மில்லிமீட்டரில் துளை போடுவோம். டேப்பை நேராக நிறுத்தி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பின்னால் திருப்பும்போது உள்ளே சுருண்ட பிசிர் 'டிக்' என்று ஒடியும், கையில் தெரியும். அவசரப்பட்டு முன்னாலேயே திருகிக்கொண்டு போனால் டேப் முறிந்து துளைக்குள் மாட்டிக்கொள்ளும். சாதாரணத் துளைபோடும் அலகு அதன்மேல் ஏறாது, அவ்வளவு கெட்டியான எஃகு. அதை வெளியே எடுக்கப் படும் பாட்டைப் பட்டறைக்காரர்களிடம் கேளுங்கள்.

5 மார்ச்

ஹார்ட்வேர் கடையில் 'டேப் வாஷர்' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கடையில் ரப்பர் வளையம் கிடைக்கும், இன்னொரு கடையில் 'வாஷிங் மெஷினுக்கா?' என்பார்கள். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

6 மார்ச், இரவு

ரப்பர் மரத்தை யாருமே சொல்லவில்லையே என்று காத்திருந்தேன். இன்று ஒருவர் சொல்லிவிட்டார். நன்றி.

ரப்பர் டேப்பிங். இது குழாய்க் குடும்பம், அதாவது ஆப்புக் குடும்பம். உள்ளே இருப்பதை ஒரு வாய் திறந்து வடிப்பது. நம்மவர் யாரும் இதை டேப் என்று சொன்னதில்லை. மரம் வெட்டுவது, பால் வெட்டுவது, சீவுவது. ரப்பர் மரத்துக்கு மலேசியாவின் ஜொகூர்ப் பக்கம் கித்தா மரம் என்றே பெயர், மலாய் மொழி கொடுத்தது. பால் பிடிக்கும் கிண்ணம் மங்கு, அதுவும் மலாய்தான்.

என் அப்பாயி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் தலையில் விளக்குடன் மரங்களுக்குள் போய்விடுவார்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் நீரின் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்படும், அதனால்தான் அந்த இருட்டு வேலை. சிறுவயதில் பள்ளி விடுமுறைக்குப் போனபோது அவர் சீவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முந்தின தடவை சீவிய கோட்டின்மேல் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் நீளமாக உரித்துக் கூடைக்குள் போடுவார். பிறகு அதே கோட்டில் இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கச் சரிவுக்கு ஒரே இழுப்பு. விழும் பட்டைச் சீவல் மெலிசாக இருக்கும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், ஆறினாலும் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், அடுத்து அங்கே வெட்ட முடியாது. கண்டால் கங்காணி ஏசுவார். ஆழம் போதாவிட்டால் பால் வராது, அதற்கும் ஏச்சுதான்.

அப்படி மரம் சாகாமல் அதே கோட்டை மறுபடி மறுபடி மெலிசாகச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செய்துகாட்டியது நம் தாவரவியல் பூந்தோட்டத்தில்தான். 1888இல் அதன் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி செய்த வேலை. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பாலெடுத்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர்க் கன்றுகள் இங்கே வந்தது 1877இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து, இருபத்திரண்டு கன்றுகள். காப்பி போட்டுக்கொண்டிருந்த தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதையைத் திணித்துத் திணித்தே மனுஷன் 'கிறுக்கு ரிட்லி' என்று பெயர் வாங்கினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற தோட்ட முதலாளி துணிந்து ரப்பர் போட்டார். அப்புறம் நடந்ததன் ஒரு பகுதிதான் நம்மில் பல பேருடைய குடும்பக் கதை.

பூந்தோட்டத்தில் ரிட்லியைப் பற்றிய பலகை இருக்கிறது. கத்தி பிடித்தவர்களுக்குப் பலகை வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஆனால் ரிட்லி காட்டியதை இருட்டில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில் தினமும் பிசகாமல் செய்தது யார் என்பதையும் பேரனிடம் சொல்லுங்கள்.

7 மார்ச், காலை

'சீவுவது என்றால் தலை சீவுவதுதானே' என்று ஒரு நகைச்சுவை வந்திருக்கிறது. தலை, பென்சில், இளநீர், மரம் எல்லாவற்றுக்கும் ஒரே சீவல்தான். மேலாகப் போவது, ஆழம் போகாதது. மரம் வெட்டுவது என்றால் ஊரில் மரத்தையே சாய்ப்பது, தோட்டத்தில் பாலெடுப்பது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டு முழித்திருப்பார்கள்.

7 மார்ச், இரவு

காலையில் எழுதியதை மறுபடி படித்தபோது ஒன்று தோன்றியது. இதே 'சீவுதல்' கள் இறக்குவதிலும் உண்டு. பாளை சீவுவது. ஆங்கிலத்தில் கள் இறக்குபவர் டாடி டேப்பர்.

இப்போது கவனியுங்கள். தென்னம்பாளையைச் சும்மா சீவினால் கள் வந்துவிடாது. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டி, எலும்போ கெட்டியான மரக்கட்டையோ வைத்து நாள்தோறும் சுற்றிலும் தட்டிக்கொண்டே வர வேண்டும். பலமாக அடித்தால் உள்ளே இருக்கும் பூங்கதிர் நசுங்கிக் கெடும், மெதுவாகத் தட்டினால் பயனில்லை. நுனியைச் சீவி, தட்டி, மறுபடி சீவி, அப்படிப் பக்குவப்பட்ட பிறகுதான் சொட்டத் தொடங்கும். அப்புறம் கலயம் கட்டுவார்கள்.

அதாவது கள் இறக்குபவர் இரண்டு டேப்பையும் செய்கிறார்! தட்டுகிற டேப், வடிக்கிற டேப். இழையைத் தொடங்கியவர் சொன்னதுபோல் இரண்டும் ஒரே இடத்தில் சேரும் தொழில் ஒன்று உண்டென்றால் அது தென்னைமரத்து உச்சியில்தான் இருக்கிறது. எம்ஆர்டி நிலையத்தில் அல்ல.

8 மார்ச்

'கள்ளைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே' என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை. என் மனைவியும் இங்கே படிக்கிறாள்.

9 மார்ச், ஞாயிறு

நேரம் கிடைத்தது, கொஞ்சம் நீளமாக.

ஒருவர் கேட்டார்: குழாய் என்பது உள்ளே வெறுமையான நீளத் தண்டு. டேப் என்பது அதன் வாயில் இருக்கும் திருகு. தமிழில் திருகுக்குத் தனிப் பெயரே இல்லையா? பேச்சில் இல்லைதான். 'குழாயை மூடு' என்கிறோம், 'பைப்பை மூடு' என்கிறோம். மூடுவது திருகை, பெயர் தண்டுக்கு. யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, ஆகவே புதுச்சொல் செய்யக் கிளம்ப வேண்டாம் என்பது என் கட்சி.

ஆனால் அடைப்பை எடுத்து நீரைத் திறந்துவிடும் அமைப்புக்கு நம்மிடம் பெயர் இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். ஏரிக் கரையில் மதகு, மடை, தூம்பு. அதிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் இருக்கும் குமிழித்தூம்பு இருக்கிறதே, அது அந்தப் பீப்பாய் டேப்பின் அண்ணன். கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள், குறுக்கே கற்பலகைகள். கீழே கண்மாய்த் தரையில் கல் தொட்டி, அதில் துளை, துளையை அடைக்கும் அடைப்பு. பாசனத்துக்கு ஒருவர் நீந்திப்போய் அடைப்பைத் தூக்கிவிட வேண்டும். தண்ணீர் போவதற்கு நீரோடித் துளை. அதற்குக் கீழே தொட்டியின் அடியில் சேறோடித் துளை, தண்ணீர் போகும் வேகத்தில் வண்டலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஏரி தூர்ந்துபோகாமல் இருக்க இந்த ஏற்பாடு. கல்தூண்களில் கல்வெட்டு உள்ளவையும் உண்டு. அப்பாவின் ஊருக்குப் போனபோது வறண்ட கண்மாயில் ஒன்றைப் பார்த்தேன். தூண்களுக்கு நடுவே ஆடு கட்டியிருந்தார்கள்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். நம் அரசாங்கமே தண்ணீருக்கு நான்கு தேசியக் குழாய்கள் என்று கணக்குச் சொல்கிறது. மழைநீர் பிடிக்கும் நீர்த்தேக்கங்கள், ஜொகூரிலிருந்து வாங்குவது, கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் நியூவாட்டர், கடல்நீரைக் குடிநீராக்குவது. இது குழாயைச் சுட்டாமல் மூலத்தைச் சுட்டும் பயன்பாடு, அதையும் டேப் தாங்குகிறது. நியூவாட்டர் ஆலைகள் 2003இல் திறந்தன, துவாஸ் கடல்நீர் ஆலை 2005இல். ஜொகூர்க் குழாய்க்கு 1962 ஒப்பந்தம், நாளுக்கு 25 கோடி கேலன் வரை, 2061 வரைக்கும். ஆயிரம் கேலனுக்கு மூன்று காசு என்ற விலையை வைத்து இரண்டு அரசாங்கங்களும் இத்தனை ஆண்டாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் 'குழாயடிச் சண்டை' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ அவர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

நிஜக் குழாயடியும் இங்கே இருந்தது. கம்பம் என்கிற பழைய கிராமக் குடியிருப்பில் தெருக்குழாய், வரிசையில் தகர டின்கள். 1963இல் மழை பொய்த்துத் தண்ணீர்ப் பங்கீடு வந்து மறுவருடத் தொடக்கம் வரை நீண்டது. அந்தக் காலத்தைப் பார்த்த என் அம்மா, வீடமைப்புக் கழக வீட்டில் நாளெல்லாம் தண்ணீர் வந்த பிறகும் ஒரு வாளி நிறையப் பிடித்து மூடி வைப்பதை விடவே இல்லை. கேட்டால் 'இருக்கட்டும்' என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

11 மார்ச்

கார்டுக்குத் திரும்புவோம், அங்கேதான் அடிதடி நடக்கிறது. கார்டை டேப் பண்ணு என்பதைத் தமிழில் 'தட்டு' என்று எழுத வேண்டுமா, 'வை' என்றா, 'காட்டு' என்றா?

இயந்திரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் 'வை' சரி. கார்டுக்குள் பேட்டரி கிடையாது. கதவிலிருக்கும் பெட்டி அனுப்பும் அலையிலிருந்துதான் சில்லுக்கு மின்சாரம் கிடைக்கிறது, கார்டு பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நேரத்துக்குள் கணக்கு முடிய வேண்டும். 'தட்டு' என்பதை அப்படியே நம்பிப் பட்டென்று அடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் கதவில் முட்டிக்கொண்டு பின்னால் வரிசையை நிறுத்துகிறார்கள். ஆனாலும் என் ஓட்டு 'தட்டு'வுக்குத்தான். வாயில் வருகிறது, சின்னது, எல்லாருக்கும் புரிகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நின்று 'அட்டையை வருடியின்மேல் வையுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

2002இல் ஈசிலிங்க் என்ற பயண அட்டை வரும்வரை இந்த டேப் நம் வாயில் இல்லை. அதற்கு முன் காந்தப்பட்டை அட்டை, அதை இயந்திரத்துக்குள் செருகுவோம். 2024 ஜனவரியில் பழைய கார்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்து, இரண்டு வாரத்துக்குள் அந்த முடிவைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். புது முறையில் கதவில் மிச்சக் காசு தெரியவில்லை என்பதுதான் பெரிய குறை. என் வயதுக்காரர்களுக்கு எண் கண்ணில் தெரிந்தால்தான் நிம்மதி.

12 மார்ச்

டேப் அவுட். பேருந்திலிருந்து இறங்கும்போது தட்ட மறந்தால் அந்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் போய்விடும். மல்யுத்தம், ஜூடோ பார்க்கிறவர்களுக்கு டேப் அவுட் என்றால் தரையைத் தட்டி 'போதும்பா, விட்டுடு' என்று ஒத்துக்கொள்வது. வேலை முடிந்து மாலை நெரிசலில் இறங்கும்போது இரண்டு பொருளும் பொருந்துகிறது.

13 மார்ச்

தொலைபேசி டேப்பிங் எந்தக் குடும்பம் என்று கேள்வி. ஆப்புக் குடும்பம். ஓடுகிற கம்பியில் ஒரு சின்ன வாய் வைத்து, ஓட்டம் நிற்காமல் கொஞ்சம் வடித்துக்கொள்வது. நாம் ஒட்டுக்கேட்பது என்கிறோம், சுவரில் காதை ஒட்டி. ஆங்கிலத்தில் கம்பியைத் துளைக்கிறார்கள், தமிழில் காதை வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் துளை தேவைப்படாது.

இன்னொன்று, இதை நம்ப மாட்டீர்கள். ராணுவ அணிவகுப்பு வாத்திய நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் டாட்டூ என்பார்கள். அதற்குள்ளும் டேப் இருக்கிறது. டச்சு மொழியில் 'டேப்பை மூடு' என்பதன் தேய்ந்த வடிவம் அது. இரவானதும் முரசடித்துப் போவார்கள், மதுக்கடைக்காரர் பீப்பாயை அடைக்க வேண்டும், சிப்பாய்கள் பாசறைக்குத் திரும்ப வேண்டும். அந்த முரசொலிதான் பின்னால் நிகழ்ச்சியாக வளர்ந்தது. உடம்பில் குத்தும் டாட்டூ இதில் சேராது, அது பசிபிக் தீவுகளின் சொல்.

15 மார்ச்

பேச்செல்லாம் பேசிவிட்டு ஒரு அம்மா நேரடியாகக் கேட்டிருக்கிறார்: 'தம்பி, என் வீட்டு டேப் சொட்டுகிறது, அதற்கு வழி சொல்லுங்கள்.' இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான், அம்மா.

முதலில் வீட்டுக்கு வரும் முதன்மை வால்வை மூடுங்கள். பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் வாசலுக்கு வெளியே மீட்டர் பக்கத்தில் இருக்கும். பல சுற்றுச் சுற்றித் திறக்கும் பழைய குழாய் என்றால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், சில காசு விலை. கால் சுற்றில் திறந்து மூடும் புதுக் குழாய் என்றால் உள்ளே பீங்கான் தகடு, அந்த உள்கூட்டையே மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், வாயால் விளக்கினால் தப்பானதைத்தான் தருவார்கள். முழுக் குழாயையே மாற்றுவதானால் நீர்ச் சிக்கன முத்திரையில் எத்தனை டிக் என்று பாருங்கள், டிக் கூடினால் தண்ணீர்ச் செலவு குறையும். குழாய் மாற்றுவது மாதிரிச் சின்ன வேலையை வீட்டுக்காரரே செய்யலாம், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி அதற்கு இடம் கொடுக்கிறது. மரையில் வெள்ளை டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள், எதிர்த் திசையில் சுற்றினால் மாட்டும்போது பிரிந்து வந்துவிடும்.

முதன்மை வால்வு இறுகிப்போய்ச் சுழலவில்லை என்றால் மட்டும் பலத்தைக் காட்டாதீர்கள். பிளம்பரைக் கூப்பிடுங்கள்.